பாலித் தீவில் இரவு: எந்தப் பகுதியில் தங்கினால் எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் தொகுத்து வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால்.

பாலி சின்னத் தீவுதானே? எங்கே தங்கினாலும் ராத்திரி எல்லா இடத்துக்கும் போய்ட்டு வந்துடலாம் இல்லையா?

முடியாது. நிறைய பேரின் பயணம் கெட்டுப்போவது இந்த நினைப்பால்தான். பாலியின் பரப்பு 5,780 சதுர கிலோமீட்டர். கிழக்கு மேற்காகச் சுமார் 150 கிலோமீட்டர் நீளம். ரயில் கிடையாது. சாலைகள் பெரும்பாலும் குறுகலானவை, அதில் பாதியை ஸ்கூட்டர்கள் நிறைத்திருக்கும். சாங்குவிலிருந்து உலுவாத்துவுக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். உபுட்டில் அறை எடுத்துக்கொண்டு தினமும் கடற்கரைக்கு வந்து போகலாம் என்று நினைத்தவர்கள் இரண்டாம் நாளே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எப்படிப்பட்ட இரவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது கிடைக்கும் பகுதியைப் பிறகு தேர்ந்தெடுங்கள். ஹோட்டல் கடைசியில்தான். நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்து முதலிலேயே ஹோட்டலை புக் செய்துவிட்டால், உங்கள் ராத்திரியை அந்த ஹோட்டலின் முகவரிதான் முடிவு செய்யும்.

அப்போ ஏரியா ஏரியாவா சுருக்கமா சொல்லுங்களேன்.

விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே போனால் குட்டா, லெகியான், செமின்யாக், சாங்கு என்று வரிசையாக வரும். ஆட்டம், பாட்டம், கிளப் எல்லாம் இந்த வரிசையில்தான். வடக்கே போகப் போக இடம் புதிதாகும், விலையும் ஏறும். விமான நிலையத்துக்குத் தெற்கே சுண்ணாம்புப் பாறை மேடு. அதன் வாசலில் ஜிம்பாரன், மேற்கு முனையில் உலுவாத்து, கிழக்கில் நுசா துவா. கிழக்குக் கரையில் சானூர், அமைதியான ஊர். உள்நாட்டில், வயல்களுக்கு நடுவே உபுட். வடக்கே லோவினா, வடகிழக்கே அமெட். இந்த இரண்டு ஊர்களிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் அலைச் சத்தம்தான் கேட்கும்.

ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது? சன்செட் எங்கே பார்க்கணும்?

பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. அதனால் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறேமுக்காலுக்கும் இடையில் மறைந்துவிடும். பாலியின் மாலை இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நான்கு மணிக்குப் பீச் கிளப் நிறையத் தொடங்கும், ஆறு மணிக்கு உச்சம், ஏழரைக்குச் சாப்பாடு, பத்துக்கு மேல் பார், நள்ளிரவை ஒட்டித்தான் கிளப். பத்து மணிக்கே ஒரு கிளப்புக்குள் போய், கூட்டமே இல்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. அவர்கள் போனது தவறான இடமில்லை, தவறான நேரம்.

சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மேற்குக் கரை வேண்டும்: குட்டாவிலிருந்து சாங்கு வரை, ஜிம்பாரன், உலுவாத்து. சானூரும் நுசா துவாவும் கிழக்கு பார்த்தவை, அங்கே விடியலைத்தான் பார்க்கலாம். ஹோட்டல் விளம்பரத்தில் "கடல் காட்சி" என்று போட்டிருந்தால் எந்தத் திசைக் கடல் என்று பார்த்துவிடுங்கள்.

குட்டா இப்பவும் முன்ன மாதிரி இருக்கா?

பாலியின் கடற்கரைச் சுற்றுலா வளர்ந்த இடம் அதுதான். 1936-இல் ஓர் அமெரிக்கத் தம்பதி குட்டா கடற்கரையில் ஹோட்டல் தொடங்கினார்கள், அலைச்சறுக்கையும் அறிமுகம் செய்தார்கள். எழுபதுகளில் உலகம் சுற்றிய இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். இன்றைக்கு ஃபேஷன் வடக்கே நகர்ந்துவிட்டது. குட்டாவில் மிஞ்சியிருப்பது மலிவான அறைகள், பாப்பீஸ் சந்துகள், லெகியான் சாலையின் பழைய பார்கள், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் ஆட்கள். கையில் காசு குறைவு, வயது இருபத்தைந்துக்குள், நண்பர்கள் கூட்டம் என்றால் இன்றும் சரிவரும். மற்றவர்களுக்கு ஒரு மாலை நடை போதும் என்பது என் கருத்து. பக்கத்து லெகியான் அதே விலையில் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும்.

லெகியான் சாலையில் நடக்கும்போது ஒரு நினைவுச் சின்னத்தைப் பார்ப்பீர்கள். 2002 அக்டோபர் 12 இரவு அந்தச் சாலையில் வெடித்த குண்டுகளில் 202 பேர் இறந்தார்கள், எல்லோருடைய பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆட வந்த இளைஞர்களும், அங்கே வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களும். பலர் அதன் முன் செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு நிமிடம் நின்று அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுப் போங்கள்.

செமின்யாக், சாங்கு ரெண்டுல எதுன்னு ஒரே குழப்பமா இருக்கு.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செமின்யாக்கில் நீங்கள் அலங்கரித்துக்கொண்டு கிளம்புவீர்கள். காயு ஆயா தெருவில் வரிசையாக நல்ல உணவகங்கள். பெட்டிட்டெங்கெட் பக்கம் பொட்டேட்டோ ஹெட் பீச் கிளப், அதன் முகப்பு முழுக்கப் பழைய மர ஜன்னல் கதவுகளால் ஆனது. சாப்பாடு முடிந்து மோட்டல் மெக்சிகோலா, லா ஃபவேலா போன்ற இடங்களுக்கு நடந்தோ ஐந்து நிமிட டாக்சியிலோ போய்விடலாம். இப்படி எல்லாம் கிட்டக் கிட்ட இருப்பதுதான் செமின்யாக்கின் பெரிய பலம். முப்பது வயதைத் தாண்டியவர்கள், புதுமணத் தம்பதிகள், நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஆட்டம் போதும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டபுள் சிக்ஸ் கடற்கரையில் மணலில் வண்ண பீன் பேக்குகளைப் போட்டு, குடைகளுக்குக் கீழே பாட்டுக் குழுக்கள் பாடும். பெரிய செலவில்லாமல் மாலையைக் கழிக்க எனக்குத் தெரிந்து இந்தக் கரையிலேயே நல்ல இடம் அதுதான்.

சாங்குவில் செருப்போடு, ஈரத் தலையோடு பாருக்குள் போகலாம். லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டு மாதக் கணக்கில் தங்கும் வெளிநாட்டினர், அலைச்சறுக்குக்காரர்கள், இருபதுகளில் இருப்பவர்கள் நிறைந்த ஊர். பத்து போலோங் கடற்கரை முனையில் ஓல்ட் மேன்ஸ் பார், எக்கோ பீச்சில் பழைய படகுப் பலகைகளால் கட்டிய லா பிரிசா, பெராவாவில் ஃபின்ஸ் பீச் கிளப், பக்கத்திலேயே 2022-இல் திறந்த பிரம்மாண்டமான அட்லஸ். ஆட்களோடு பழகுவது சுலபம். தனியாக வருகிறவர்களுக்குச் சாங்குதான் பொருத்தம். ஆனால் சாங்கு ஒரே ஊர் இல்லை. பெராவா, பத்து போலோங், எக்கோ பீச், பெரெரெனான் எனப் பரந்து கிடக்கிறது. வயலுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலைகளில் மாலை முழுக்க நெரிசல். "சாங்குவில் ரூம்" என்று எடுத்தால் போதாது, எந்தப் பகுதி என்று வரைபடத்தில் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒன்றில் தங்கி இன்னொன்றில் தினமும் ஆடப் போவது நல்ல யோசனை இல்லை, காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

பீச் கிளப் உள்ளே போகக் காசு கட்டணுமா? போட்டோவுல பார்க்கிற அந்தப் படுக்கை எவ்வளவு?

இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் நுழைவு இலவசம், சிலவற்றில் கட்டணத்தை உள்ளே சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம். படத்தில் பார்க்கும் டேபெட்டுக்குப் பெரும்பாலும் வாடகை கிடையாது, "மினிமம் ஸ்பெண்ட்" உண்டு. அதாவது இவ்வளவு ரூபியாவுக்குச் சாப்பிடுவோம், குடிப்போம் என்று ஒப்புக்கொள்வது. நான்கைந்து பேர் சேர்ந்தால் அது சுலபமாக ஆகிவிடும். இரண்டு பேர் மட்டும் என்றால் சாதாரண மேசையே போதும், சூரியன் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் "++" என்று இருக்கும். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம், இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரை ஏறும். இன்னொன்று, மங்கலான வெளிச்சத்தில் நோட்டுகளில் பூஜ்யங்களைத் தவறாக எண்ணுவது சகஜம். 1,00,000 ரூபியா நோட்டு சிவப்பு, 10,000 ஊதா. கிளம்பும் முன்பே பர்ஸில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உலுவாத்துவில் மலை உச்சியில் உட்கார்ந்து கடல் பார்க்கிறது மட்டும்தானா?

பாலியில் எனக்கு மிகவும் பிடித்த மாலை அங்கேதான் கிடைக்கிறது. எழுபது மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் உலுவாத்து கோயில். அதன் திறந்தவெளி அரங்கில் தினமும் ஆறு மணி அளவில் கெச்சாக் ஆட்டம் நடக்கும். வாத்தியம் ஒன்றுகூட இல்லை. இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டத் துணி கட்டிய ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து "சாக், சாக், சாக்" என்று குரலிலேயே தாளம் எழுப்புவார்கள். நடுவே ராமாயணம் நடக்கும். அனுமனைத் தீ சூழும்போது பின்னால் வானமும் சிவந்திருக்கும். பழைய சடங்கு ஒன்றின் குரலோசையை எடுத்து, 1930-களில் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கதை நமக்குத் தெரிந்தது என்பதால் ஒரு காட்சிகூடப் புரியாமல் போகாது. ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனால் நல்ல இடம் கிடைக்கும். கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள், அங்கே குரங்குகள் அதிகம்.

ஆட்டம் பாட்டம் வேண்டுமென்றால் ஞாயிறு மாலை சிங்கிள் ஃபின் பாரில் அந்தப் பக்கத்து அலைச்சறுக்குக் கூட்டம் முழுக்கக் கூடும். பெரிய டிஜேக்கள் வரும் இரவுகளுக்கு சவாயா கிளப், டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். சிரமம் ஒன்றே ஒன்று: இந்த இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, இருட்டான மேட்டுச் சாலைகளில் இருக்கின்றன. நடந்து போக வழியில்லை.

ஜிம்பாரன் பீச்ல சீஃபுட் டின்னர் போகலாமா?

ஒரு முறை போகலாம். மணலில் மேசை போட்டு, தேங்காய் ஓட்டுத் தணலில் மீன் சுடுவார்கள், அலை காலுக்குப் பக்கத்தில் வரும். மீன், இறால், லாப்ஸ்டர் எல்லாம் எடைக் கணக்கு. நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சுடுவதற்கு முன் கேளுங்கள். ஒரு கடையில் இதைக் கேட்காமல் விட்டதால், நாங்கள் நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு பில் வந்தது. இரவு வாழ்க்கை என்று பார்த்தால் ஜிம்பாரன் பத்து மணியோடு முடிந்துவிடும்.

உபுட்ல ராத்திரி எல்லாத்தையும் மூடிடுவாங்களாமே? அங்கே தங்கினா வேஸ்ட்டா?

பதினொரு மணிக்குத் தெரு அடங்கிவிடும், உண்மை. லைவ் மியூசிக் உள்ள சில சின்ன பார்கள் உண்டு, கிளப்பைத் தேடிப் போகாதீர்கள். ஆனால் மாலை ஏழரை மணிக்கு ஊர் நடுவிலுள்ள அரண்மனை முற்றத்தில் நடக்கும் நடனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? செதுக்கிய கல்வாசலுக்கு முன்னால் காமெலான் வாத்தியங்கள் முழங்க, லெகோங் ஆடும் பெண்களின் கண்ணும் விரலும் ஒரே தாளத்தில் துடிக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு குழு, வேறு வேறு ஆட்டம். மூன்று இரவுகள் தங்கினால் மூன்றையும் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளித் தாமரைக் குளத்துக்குப் பக்கத்திலுள்ள சரஸ்வதி கோயிலிலும் ஆட்டம் உண்டு.

அப்புறம் கியான்யார் இரவுச் சந்தை. உபுட்டிலிருந்து அரை மணி நேரம். சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) புகை, வாழை இலையில் சோறு, வறுத்த பன்றி, வண்ண வண்ணப் பலகாரங்கள், சுற்றிலும் உள்ளூர்க் குடும்பங்கள். சாயங்காலமே போய்விட வேண்டும், நேரமானால் நல்லதெல்லாம் தீர்ந்துவிடும்.

உபுட்டில் இன்னொரு விதமான இரவும் இருக்கிறது. அதிகாலை இரண்டு மணிக்கு வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகும், 1,717 மீட்டர் உயர பாத்தூர் எரிமலையில் டார்ச் வெளிச்சத்தில் ஏறி, உச்சியில் விடியலைப் பார்க்கலாம். சாங்குவில் இருப்பவர்கள் படுக்கப் போகும் நேரத்தில் இவர்கள் கிளம்புகிறார்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள் என்கிறேன்.

சானூர், நுசா துவா ரொம்ப போர் அடிக்குமா?

சானூர் போர் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. கடலோரமாகவே நீண்ட நடைபாதை, அதையொட்டிச் சின்ன உணவகங்கள், தம்ப்ளிங்கான் தெருவில் பழைய பாடல்களை வாசிக்கும் குழுக்கள், சிந்து இரவுச் சந்தை. பத்தரைக்குத் தூங்கி, விடியலைப் பார்த்து, காலைப் படகில் பக்கத்துத் தீவான நுசா பெனிடா போகலாம். 1966-இல் இங்கே பத்து மாடி ஹோட்டல் ஒன்றைக் கட்டினார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காத பாலி மக்கள், இனி எந்தக் கட்டடமும் தென்னை மரத்தைவிட உயரக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். தீவு முழுக்க இரவில் வானம் இன்னும் தாராளமாகத் தெரிவதற்கு அந்த விதிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நுசா துவா வேறு. வாசலில் காவலோடு தனியாக வகுக்கப்பட்ட ரிசார்ட் வளாகம். ஹோட்டலுக்குள்ளேயே பார், பாட்டு, பஃபே எல்லாம் இருக்கும். வெளியே வந்து நடக்கத் தெரு என்று ஒன்று கிடையாது. ஓய்வுக்கு நல்லது, இரவில் சுற்றுவதற்கு இல்லை.

வயசான அப்பா அம்மா, நாலு வயசுக் குழந்தையோட போறோம். எங்களுக்கு ராத்திரி என்ன இருக்கு?

சானூரில் தங்குங்கள், மேலே சொன்ன நடைபாதை தள்ளுவண்டிக்கும் முழங்கால் வலிக்கும் ஏற்றது. ஒரு மாலை உலுவாத்து கெச்சாக் (படிகள் உண்டு, பெரியவர்களை மெதுவாகக் கூட்டிச் செல்லுங்கள்), ஒரு மாலை ஜிம்பாரன் கடற்கரை, இரண்டு இரவுகள் உபுட் நடனம். உபுட்டில் முன் வரிசையில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். பாரோங் என்ற பெரிய சிங்க உருவமும், நீண்ட நகம் கொண்ட ரங்டா என்ற சூனியக்காரியும் நேரே பக்கத்தில் வந்து நிற்கும், சின்னக் குழந்தைகள் பயந்து அழுதுவிடுவார்கள். பெரிய பீச் கிளப்புகளில் பகலில் குழந்தைகளோடு குடும்பங்களைப் பார்க்கலாம், மாலை ஐந்துக்கு மேல் சத்தம் கூடிவிடும்.

நாங்க குடிக்கிறதில்லை. அப்போ சாங்கு, செமின்யாக் எல்லாம் எங்களுக்கு எதுக்கு?

சன்செட்டுக்கும் பாட்டுக்கும் குடி தேவையில்லை. இளநீரோ மாக்டெயிலோ வாங்கிக்கொண்டு டபுள் சிக்ஸில் உட்கார்ந்தால் யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்க மாட்டார்கள். மினிமம் ஸ்பெண்டைச் சாப்பாட்டிலேயே கழிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாங்குவும் உபுட்டும் சொர்க்கம், டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டோஃபு, காய்கறி வைத்துத் தனி உணவகங்களே நிறைய. சந்தையில் மட்டும் கவனம்: சம்பாலில் பெரும்பாலும் "தெராசி" எனும் இறால் விழுது இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ரூமுக்கு எப்படித் திரும்புறது?

கிராப், கோஜெக் இரண்டு ஆப்பையும் போனில் வைத்திருங்கள். நீல நிற புளூபேர்டு டாக்சிக்கும் சொந்த ஆப் உண்டு, மீட்டர் போடுவார்கள். ஆனால் சாங்கு, உலுவாத்து, உபுட்டின் சில பகுதிகளில் உள்ளூர் ஓட்டுநர்கள் ஆப் வண்டிகளை உள்ளே வந்து ஏற்ற விடுவதில்லை. பலகையே வைத்திருப்பார்கள். அங்கே கொஞ்சம் நடந்து முக்கியச் சாலைக்கு வர வேண்டும், அல்லது உள்ளூர் வண்டிக்குப் பேரம் பேச வேண்டும். உலுவாத்துவுக்குப் போவதென்றால் போக, காத்திருக்க, வர என்று ஒரே காரைப் பேசிவிடுங்கள். ஒரு ஞாயிறு இரவு அங்கே ஆப்பில் மூன்று பேர் அடுத்தடுத்து ரத்து செய்ய, நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையோரம் நின்றோம்.

ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாமே என்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்து வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டினால் அபராதம் ஒரு பக்கம், விபத்து நடந்தால் பயணக் காப்பீடு பணம் தராது என்பது இன்னொரு பக்கம். குடித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். கையிலும் காலிலும் கட்டோடு விமானம் ஏறுகிறவர்களை ஒவ்வொரு முறையும் அந்த விமான நிலையத்தில் பார்க்கிறேன்.

ரெண்டு பொண்ணுங்க மட்டும் போறோம். சேஃபா?

பாலியில் பெண்கள் தனியாகவும் நிறைய வருகிறார்கள், பொதுவாக ஊர் அவர்களை மரியாதையாகவே நடத்துகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்று விஷயம். சாலையோரம் போனைக் கையில் பிடித்து வரைபடம் பார்க்காதீர்கள், ஸ்கூட்டரில் வந்து பறித்துப் போகிறார்கள். கிளாஸை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள், புதிது வாங்குங்கள். நள்ளிரவில் கடற்கரை வழியே நடந்து அறைக்குத் திரும்பாதீர்கள், வெளிச்சமில்லை. கடலில் இறங்கவே வேண்டாம், குட்டா முதல் சாங்கு வரை பகலிலேயே ஆளை இழுக்கும் நீரோட்டம் உண்டு. தங்குமிடம் செமின்யாக் என்றால் எல்லாம் கிட்ட என்பதால் இந்தக் கவலைகள் பாதியாகக் குறையும்.

அராக் குடிச்சுப் பார்க்கலாமா? காக்டெயில் ரொம்பச் சீப்பா குடுக்கறாங்களே?

அராக் என்பது தென்னை, பனைக் கள்ளிலிருந்தும் அரிசியிலிருந்தும் வடிக்கும் பாலியின் சாராயம். சடங்குகளிலும் அதற்கு இடமுண்டு. முத்திரையிட்ட பாட்டிலில், பெயருள்ள உணவகத்தில் கொடுத்தால் சுவைக்கலாம். ஆபத்து மலிவான கலவையில் இருக்கிறது. இந்தோனேசியாவில் வெளிநாட்டு மதுவுக்கு வரி மிக அதிகம். அதனால் ஓட்கா, ஜின் என்ற பெயரில் தரமற்ற சாராயத்தைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் மெத்தனால் சேர்ந்தால் கண் போகும், உயிரும் போகும். 2009-இல் பாலியில் இப்படிப் பலர் இறந்தார்கள்.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று தெருவில் சீட்டு கொடுத்தால் அங்கே காக்டெயில் குடிக்காதீர்கள். சந்தேகமான இடத்தில் உங்கள் கண் முன் திறக்கும் பீர் பாட்டில்தான் பாதுகாப்பு. மறுநாள் பார்வை மங்கினாலோ, கண் முன் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஹேங்ஓவர் என்று படுத்துக் கிடக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சட்டப்படி குடிக்கும் வயது 21.

தெருவில ஒருத்தர் காதுக்கிட்ட வந்து "மஷ்ரூம் வேணுமா"ன்னு கேட்டார். அங்கே அது ஓகேயா?

இல்லை. கஞ்சா, மாத்திரை, போதைக் காளான் எதுவானாலும் குற்றம். இந்தோனேசியாவின் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது, கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு, வெளிநாட்டவருக்கும் அதை நிறைவேற்றியிருக்கிறார்கள். வேறு சில நாடுகளில் தளர்ந்த விதிகளைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

சாங்குல ரூம் போட்டோம், விடிய விடிய சத்தம். உள்ளூர்க்காரங்க எப்படிப் பொறுத்துக்கறாங்க?

பொறுத்துக்கொள்ளவில்லை. 2022-இல் சாங்குவின் இரவுச் சத்தத்தை எதிர்த்து ஒரு மனு இணையத்தில் பரவியது. கோயில்களுக்குப் பக்கத்திலேயே விடியும்வரை பாட்டு போடுகிறார்கள் என்பது அவர்களின் வருத்தம், நியாயமான வருத்தம். பத்து போலோங் என்ற பெயரே கடலோரப் பாறைமேல் உள்ள கோயிலின் பெயர். இருபது ஆண்டுகளுக்கு முன் இது நெல் வயல். ஆடிவிட்டுத் திரும்பும்போது சந்துக்குள் ஹாரன் அடிக்காமல், கத்தாமல் வருவதை நாமாவது செய்யலாம். சாலையை மறித்துக் கோயில் ஊர்வலம் போனால், கட்டம் போட்ட துணி கட்டிய பெசாலாங் எனும் ஊர்க்காவலர்கள் கை காட்டும்வரை காத்திருங்கள். தூக்கம் முக்கியம் என்றால் பெரெரெனான் பக்கம் அறை பாருங்கள்.

அஞ்சு ராத்திரி இருக்கு. எப்படிப் பிரிக்கட்டும்?

இரண்டு தங்குமிடம், அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு இரவுகள் உபுட், பிறகு மூன்று இரவுகள் செமின்யாக் அல்லது சாங்கு. அந்த மூன்றில் ஒன்று ஞாயிறாக வரும்படி பார்த்து, கெச்சாக்கையும் சிங்கிள் ஃபின்னையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிடுங்கள். உபுட்டை முதலில் வைத்தால் கடைசி இரவு விமான நிலையத்துக்குக் கிட்டே இருப்பீர்கள். ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டிலும் கூட்டமும் விலையும் உச்சம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை. எனக்குப் பிடித்தவை மே, ஜூன், செப்டம்பர்.

கிலி ட்ராவாங்கன்ல பார்ட்டி நல்லா இருக்கும்னு சொல்றாங்க, ஒரு ராத்திரி போய்ட்டு வரலாமா?

அது பாலி இல்லை, லொம்போக் பக்கத்துத் தீவு. கார், பைக் எதுவும் ஓடாத சின்னத் தீவு, அழகானது. ஆனால் வேகப் படகில் போக வர ஒரு நாளில் பெரும் பகுதி போய்விடும், கடல் கொந்தளித்தால் படகே கிளம்பாது. குறைந்தது இரண்டு இரவுகள் ஒதுக்க முடிந்தால் போங்கள். திரும்பும் நாளும் விமான நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது.

நாங்க போற தேதியில நியெபின்னு ஏதோ வருதாம். ராத்திரி எல்லாம் மூடியிருக்கும், தேதியை மாத்திடலாமா?

மாற்றாதீர்கள். நியெபி பாலியின் சக ஆண்டுப் புத்தாண்டு, மார்ச்சை ஒட்டி வரும். 2025-இல் மார்ச் 29, 2026-இல் மார்ச் 19. அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவு முழுக்க மௌனம். விளக்கு கூடாது, வேலை கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையம் மூடப்படும். 2018 முதல் மொபைல் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். பெசாலாங்கள் மட்டும் தெருவில் சுற்றி வருவார்கள்.

முந்தைய மாலைதான் பாலியின் மிகப் பெரிய தெருத் திருவிழா. ஒவ்வொரு ஊர்ப் பகுதி இளைஞர்களும் வாரக்கணக்கில் செய்த "ஓகோ ஓகோ" என்ற பூத உருவங்களைத் தோளில் தூக்கி, சுழற்றி, ஓடிக் கொண்டாடுவார்கள். மறுநாள் இரவோ அமாவாசையை ஒட்டி வருவதால் நிலவு இருக்காது. தெருவிளக்கு இல்லை, வண்டி இல்லை. சாங்குவில் தங்கியிருந்தாலும் பால்வீதியைக் கண்ணால் பார்க்கலாம், தவளைச் சத்தம் கேட்கும். அறைத் திரையை மூடி, மெல்லிய விளக்கோடு இருங்கள், பேச்சையும் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவசர மருத்துவத்துக்கு மட்டும் வெளியே அனுமதி உண்டு. உங்கள் விமானம் அந்த 24 மணி நேரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். சமையல் இல்லாத வில்லா என்றால் சாப்பாடு, குழந்தைக்குப் பால், மருந்து எல்லாவற்றையும் முந்தைய நாள் மதியத்துக்குள் வாங்கி வையுங்கள். மாலையில் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள்.